சான்று தேவை

டார்ட்டுவில் இரவெல்லாம் திறந்திருக்கும் மருந்துக்கடை
என்னுடையதல்ல, இரவு மட்டும் என்னுடையது.
இருமல் மருந்துக்கு ஒருவர், குழந்தையின் காய்ச்சலுக்கு ஒருவர்,
நடுவில் மூன்று மணி நேரம் யாருமில்லை.
அப்போதுதான் தாவெத் எதையாவது அனுப்புவான்.

விவாகரத்தாகி இரண்டு வருடம்.
வீட்டைப் பற்றிப் பேசி முடித்தாயிற்று.
நாய் யாருக்கு என்று பேசி முடித்தாயிற்று
(அவனுக்கு).
மிச்சம் இருப்பது கலைக்களஞ்சியம்.

வொம்பாட்டின் சாணம் கனசதுரம்.
கூட ஒரு சொல்லும் இல்லை, சுட்டி மட்டும்.
பதிலுக்கு நான், ஆஸ்திரேலியப் படை
இயந்திரத் துப்பாக்கியோடு ஈமுக்கள்மேல் போர் தொடுத்துத்
தோற்றுத் திரும்பியதை அனுப்பினேன்.
லீக்டன்ஸ்டைன் பட்டாளம் எண்பது பேராகப் போய்
எண்பத்தொன்றாகத் திரும்பியதாம்,
வழியில் ஒருவன் சிநேகமாகிவிட்டானாம்.
அன்று மட்டும் ஒரு வரி எழுதினான்:
"நாம் இரண்டு பேராகப் போய்"
அவன் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.
ஆஸ்பிரின் அட்டைகளை இன்னொரு முறை எண்ணினேன்.

சாகாத ஜெல்லிமீன் ஒன்று,
அடிபட்டால் வயதைக் கழற்றிப் போட்டுவிட்டு
மறுபடி குஞ்சாகிவிடுமாம்.
அதை நான் அனுப்பவில்லை.
வேறு அர்த்தம் வந்துவிடும்.

பட்டியல்களின் பட்டியல்களின் பட்டியல் என்று ஒரு பக்கம்.
அது கிடைத்த இரவு கல்லாவில் தலைசாய்த்துச் சிரித்தேன்.
கண்ணாடிக்கு வெளியே நின்ற ஆள்
மணியடிக்காமலே போய்விட்டார்.
என்ன நோயோ அவருக்கு, பாவம்.

ஸ்வீடனில் கேவ்லே என்றொரு ஊர்.
டிசம்பர் வந்தால் வைக்கோலில் ஆடு கட்டுவார்கள்,
மாடிவீட்டு உயரம்.
பல வருடம் யாராவது கொளுத்திவிடுவார்கள்.
அடுத்த வருடம் மறுபடி கட்டுவார்கள்.
ஆடு எங்களுக்குப் பொது.
நாயைப்போல் அதற்கு வழக்கு இல்லை.

பிறகு நான்கு இரவு ஒன்றும் வரவில்லை.
ஐந்தாவது இரவு வந்தது:
குடல்வால்.

வேடிக்கை எங்கே என்று தேடித் தேடிப் படித்தேன்,
அடிக்குறிப்புவரை, வெளி இணைப்புகள்வரை.
எங்கும் இல்லை.
மருந்து விற்கிறவள் நான்.
எனக்கே அரைமணி பிடித்தது.

காலையில் அடுத்த ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு
பனிச்சேற்றில் வழுக்கிக்கொண்டு போனேன்.
வயிற்றில் கட்டோடு கிடந்தான், சவரம் செய்யாமல்.
"இது உடம்பில் எதற்கு என்று
இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாதாம்" என்றான்.
"சான்று தேவை."
"சிரிக்க வைக்காதே லேலோ, தையல்."

நாய்க்குச் சோறு யார் வைக்கிறார்கள் என்றேன்.
பக்கத்து வீட்டு ஊர்வே.
பூனைத் தீனி போடுகிறானாம், நாய் விரும்பித் தின்கிறதாம்.
மேசை இழுப்பறையைக் கண்ணால் காட்டினான்.
என் பழைய சாவிவளையம்,
கழற்றாத நீல மணியோடு.

பேருந்து நிறுத்தத்தில் கைபேசி சிணுங்கியது.
ஆடு.
இன்று காலைவரை நிற்கிறது.