முன்பக்கம் மட்டும்

சனிக்கிழமை நாடகம்.
திங்கட்கிழமை, மேகம் தெருவில் இறங்கிய நேரம்,
மூஞ்சிக்கல் கடைக்குள் வந்து ட்ரீசா மிஸ்
வெட்டுமேஜையில் ஒரு பிரிண்டை விரித்தார்:
ஐந்நூறு வருஷத்து இத்தாலிக்காரி, இடுப்பு வரை.
"அப்படியே வேணும்."

அளவுக்கு ஆள் கிடையாது, கண்தான் டேப்.
ஜிப் இல்லை, ஹூக் இல்லை, ஒரு பட்டனும் இல்லை.
கை தனி, உடம்பு தனி; தோளில் நாடா முடிச்சு,
இடுக்கில் வெள்ளை உள்சட்டை பிதுங்கி நிற்கிறது
வாய் கட்டாத பஞ்சு மூட்டை மாதிரி.

மடிப்பின் முகட்டில் ஒளி விழுந்தால் பட்டு.
இங்கே முகடு கறுத்து ஓரம் மினுங்குகிறது: வெல்வெட்.
வரைந்தவன் துணியைத் தொட்டுப் பார்த்தவன்.
முகத்தில் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம்,
கையில் சொல்லவில்லை.

முன்னால் கயிறு. அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன்.
மேலே ஒரு விரல் இடைவெளி,
கீழே வர வர மூன்று விரல்.
"மிஸ், இந்தப் பொண்ணுக்கு அஞ்சாம் மாசம்."
அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு
அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்:
பெயர் தெரியாத வியாபாரியின் மனைவி.
அவ்வளவுதான் போட்டிருந்தது.
மாமியாருக்குக்கூட அப்போது சொல்லியிருக்க மாட்டாள்.

சரி, முதுகு?
போனில் நாலு படம் தேடினோம், பிறகு நாற்பது.
ராணி, பாதிரி, மோதிரம் காட்டும் கிழவன்,
மடியில் நாயோடு ஒரு சிறுமி.
எல்லோரும் எங்களையே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.
"விடுங்க, பெனிட்டா திரும்ப மாட்டா.
பின்னாடி சேஃப்டி பின் போதும்."

போதாது.
புதன் ராத்திரி கரண்ட் போய்
எமர்ஜென்சி விளக்கில் உட்கார்ந்து
அந்த முதுகை நானே யோசித்தேன்.
அவளுக்கு மாட்டிவிட வேலைக்காரி இருந்திருப்பாள்,
பெனிட்டாவுக்கு யார்?
தோளிலிருந்து சாய்வாக இரண்டு தையல்,
நடுவில் ஒட்டு இல்லாத ஒரே துண்டு,
தையலுக்கு உள்ளே இரண்டு அங்குலம் மிச்சத் துணி.
எப்படியும் பிரித்துவிட வேண்டிவரும்,
ஆறாம் மாசம், ஏழாம் மாசம்.

மூன்றாவது காட்சியில்
திரைக்குப் பின்னால் ஏதோ சரிந்து விழுந்தது.
பெனிட்டா திரும்பினாள்.
அரை நிமிஷம் இருக்கும்.
ஹால் முழுக்க என் யூகத்தைப் பார்த்தது.
யாரும் அதை யூகம் என்று நினைக்கவில்லை.