பத்து நொடிக்கொரு முறை

நீடாமங்கலம் கேட் சாத்தியிருக்கிறது.
பஸ்ஸில், மடியில் லேப்டாப்,
போனிலிருந்து இழுத்த இணையம்.

ஆறு சர்வர்.
ஆறும் செத்துவிட்டதாக
எழுதிவைத்திருக்கிறது லோட் பேலன்சர்.
உள்ளே நுழைந்து பார்த்தால்
ஆறும் மூச்சுவிடுகின்றன, சும்மா,
கூப்பிட ஆள் வராத நடவாட்கள் மாதிரி.

"ரூட்டிங்?" என்கிறான் எபினேசர், போனில்.
சரியாகத்தான் இருக்கிறது.
மூணாறு தலைப்பில் எல்லா ஷட்டரும் ஏறியிருக்கிறது,
தண்ணீர்தான் இல்லை.

பத்து நொடிக்கொரு முறை
'இருக்கியா' என்று ஒரு குரல் கேட்கும்.
அந்தக் கேள்வி ஃபயர்வாலைத் தாண்டவில்லை.
நேற்று சாயங்காலம் பழைய விதிகளைப் பிடுங்கிய கை
அதையும் களையென்று பிடுங்கியிருக்கிறது.
கை என்னுடையது.
எபினேசரிடம் இன்னும் சொல்லவில்லை.

பக்கத்து சீட்காரர்
பிளாஸ்டிக் கவரைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார்.
உயிரோடிருப்பதாகச் சான்று தர
மன்னார்குடிக்கு மூன்றாம் நடை.
ரேகை விழமாட்டேன் என்கிறதாம்.

ஒரே ஒரு வரி சேர்க்கிறேன்: அனுமதி.
முப்பது நொடி.
ஒன்று பச்சை. அப்புறம் மூன்று.
அப்புறம் ஆறும்.

நெல் ஏற்றிய கூட்ஸ் நகரவில்லை.
அவர் கட்டைவிரலைச்
சட்டையில் துடைத்துக்கொண்டிருக்கிறார்.