ஏழாவது டேக்

ஹமில்ரனில் மூடிக் கிடந்த உருக்காலை.
மணிக்குப் பதினெட்டு டொலர், மத்தியானம் லசாஞ்யா.
நவநீதன்தான் கூட்டிக்கொண்டு போனான்:
'சும்மா நிக்கிற வேலை அண்ணை, முகம் இருந்தாக் காணும்.'

அந்த முகத்துக்கு ஒரு பிள்ளை கரி பூசினாள்.
கிழிந்த கோட்டு ஒன்று தந்தாள்.
கிழிசலின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள்,
நல்ல கைவேலை.
நாங்கள் நானூறு பேர், எதிர்காலத்து அகதிகள்.
தலைநகர் விழுகிறது.
கொடி காஸ் குழாயில் எரிகிறது,
மூட்டவும் அணைக்கவும் சம்பளத்துக்கு ஓர் ஆள்.

ஓடச் சொன்னார்கள். ஓடினோம்.
'இன்னும் பயந்து!'
பயந்து ஓடினோம்.
ஆறு தரம் அதே புகைக்குள்,
ஆறு தரம் அதே பொம்மையைத் தாண்டி.
ஒவ்வொரு தரமும் ஒருத்தி வந்து
பொம்மையைப் பழைய இடத்தில்
பழையபடி குப்புற வைத்துவிட்டுப் போனாள்.

ஏழாவது தரம் எனக்குக் கால் எழவில்லை.

சைக்கிளில் சட்டி, பாய், தறப்பாள் கட்டினால்
ஆர் ஓடுவது?
அன்றைக்குப் பாதை நடுவில் ஒரு மாமி
அறுந்த செருப்புக்கு ஊசி குத்திக்கொண்டு நின்றாள்,
பின்னால் வந்த சனம் முழுக்க
அவள் குத்தி முடிக்கும்வரை நின்றது.

ஒன்றரை வருசம் கழித்து, ஸ்காபரோ, வெள்ளி இரவு.
ஆரணிக்குப் பதினாலு.
காரில் வரும்போதே பாடம் எடுத்தாள்:
யார் காட்டிக் கொடுத்தவன், யார் கொடுக்கிற மாதிரி நடித்தவன்,
இரண்டாம் பாகத்தில் செத்தவன் ஏன் சாகவில்லை.
'இதுதான் கடைசி அப்பா. இதோட முடியுது.'

இரண்டு மணி பதினொரு நிமிசத்தில் அரசாங்கம் விழுந்தது.
கதாநாயகி துவக்கை ஆற்றில் எறிந்தாள்.
எங்கள் வரிசை முழுக்க மூக்கை உறிஞ்சியது.

பெயர்கள் ஏறின. அவள் எழும்பவில்லை.
புகை போட்டவனின் பெயர் இருந்தது,
குதிரைக்குத் தீனி வைத்தவளின் பெயர் இருந்தது.
தும்புத்தடியோடு ஒரு பெடியன்
கதவடியில் பொறுத்துப் பார்த்தான்,
பிறகு சோளப்பொரியைக் கூட்டத் தொடங்கினான்.

பார்க்கிங்கில், பல்லுக் கிட்டும் குளிரில்,
கண்ணாடிப் பனியை நான் சுரண்டுகையில் கேட்டாள்:
'இடப்பக்க மூலையில கண்டனான். ரெண்டு செக்கன்.
எல்லாரும் ஓடினம்.
நீங்கள் மட்டும் ஏன் நடக்கிறீங்கள்?'

'முழங்கால் நோ' என்றேன்.

நம்பினாள்.
வீதிக்கு ஏறிய பிறகும் அவள் விசும்பல் நிற்கவில்லை,
மூன்றாம் பாகத்திலிருந்து அவள் காதலித்த ஒருவன்
கடைசியில் செத்துப்போனதற்காக.
நான் ஹீற்றரைக் கூட்டிவிட்டேன்.