எண்ணூறு மீற்றருக்குப் பதினாறு ஊர்கள்

துவக்குச் சத்தம் அம்மாவுக்கு ஆகாது.
அதனால் போட்டிக்கு வரமாட்டா.
படலையோடு நின்று நெற்றியில் திருநீறு இழுத்து
"பிள்ளையாரை நினைச்சு ஓடு,
போயித்து வா மனே" என்பா.
நினைத்து ஓடியிருக்கிறேன்.
இருநூறு மீற்றர் வரைக்கும் கூடவே வந்தார்.
அங்கே வளைவில்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கிறிஸ்ரி சேர் ஒரு வசனம் எழுதித் தந்தார்,
கண்ணாடியில் ஒட்டி வைத்தேன்:
என்னால் முடியும்.
ஓட ஓட அதில் 'என்னால்' உதிர்ந்தது.
முடியும், முடியும்,
எப்ப முடியும்,
ஐயோ எப்ப முடியும்
என்றாகிவிட்டது.

றிஸ்னா ஸ்பைக்ஸின் கயிற்றை முடிக்கும் முன்
பிஸ்மி சொல்லுவாள்.
ஒரு மூச்சு, பிறகு நிமிர்ந்து பார்ப்பாள்,
யாரோ தோளில் தட்டிவிட்டுப் போனதுபோல.
எனக்கு அவளுடைய வேகத்தில் பொறாமை இல்லை,
அந்த நிமிர்வில்தான்.

என்னுடையது பஸ்ஸில் கிடந்தது.

நாலு ஐம்பது பஸ்,
பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு விடியலும்.
கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு
இருட்டுக்குள் எறிவான்:
பெரியகல்லாறு கோட்டைக்கல்லாறு
ஓந்தாச்சிமடம் களுவாஞ்சிகுடி
களுதாவளை தேற்றாத்தீவு மாங்காடு செட்டிபாளையம்
அரைத் தூக்கத்தில் என் கால்விரல்கள்
சப்பாத்துக்குள் எண்ணும்.
களுதாவளையில் வெற்றிலைக் கட்டுகள் ஏறும்,
பஸ் முழுக்கப் பச்சை மணக்கும்.
குருக்கள்மடம் கிரான்குளம்
புதுக்குடியிருப்பு தாழங்குடா
ஆரையம்பதி காத்தான்குடி
நாவற்குடா கல்லடி.

ஒருநாள் கணக்குப் பார்த்தேன்.
பதினாறு ஊர்.
ஐம்பது மீற்றருக்கு ஓர் ஊர்.
செட்டிபாளையத்தில் கடைசிச் சுற்று மணி.
சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்த ஐயா
தன்னைத்தான் என்று முறைத்தார்.

வெபர் மைதானம், மாகாணப் போட்டி.
கோட்டில் குனிந்து நிற்கிறோம் எட்டுப் பேர்.
ஒருத்தி சிலுவை போடுகிறாள்,
திருகோணமலைக்காரி நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறாள்.
நான் வாய்க்குள் பெரியகல்லாறு என்கிறேன்.
துவக்கு.
எங்கள் பாஷையில் வெடிப்பதும் அதுதான்
தொடங்கு என்பதும் அதுதான்.
அம்மாவின் காது முதலாவதோடு நின்றுபோனது.

கோட்டைக்கல்லாற்றுப் பாலம் கடந்தேன்,
காற்று நெஞ்சில் உப்பாக.
களுவாஞ்சிகுடி நெரிசல், முழங்கைகள்,
வெளிப்பக்கம் விலகி வெட்டினேன்.
மாங்காட்டில் நான் இரண்டாவது.
செட்டிபாளையத்தில் மணி அடித்தது,
சத்தியமாக யாரோ இறங்கினார்கள்,
உடம்பு அவ்வளவு இலேசு.

தாழங்குடாவில்தான் வழக்கமாக வரும் அது வந்தது.
தொடையில் ஈயம்.
ஊர்ப்பெயர்களின் நடு எழுத்துகள் தேய்ந்து
ஆரம்பதி, காத்தாங்குடி,
நடுவீதிப் பேரீச்சைகள் ஆடின.
அங்கே றிஸ்னா கடந்தாள்.
நாவற்குடாவில் திருகோணமலைக்காரி.
கல்லடியை நான் சொல்லி முடித்தேனா தெரியாது.
கோட்டுக்கு அப்பால் புல்லில் கிடந்தபோது
வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்ததாம்.
"என்ன கா ஓதினாய்?" என்றாள் றிஸ்னா,
தண்ணீர்ப் போத்தலை என் முகத்தில் கவிழ்த்தபடி.
சொல்லவில்லை.
சொன்னால் சிரிப்பாள்,
சிரித்தால் அது வெறும் பஸ் பாதையாகிவிடும்.

நாலாமிடம்.
என் நேரத்தில் இரண்டு செக்கன் குறைந்திருக்கிறது,
சேர் விரலில் காட்டினார்,
வெற்றி என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் இருக்கை இல்லை.
வாவி பாலத்துக்குக் கீழே கறுத்துக்கொண்டிருந்தது.
புதுக் கொண்டக்டர், சின்னப் பொடியன்,
கல்லடி நாவற்குடா காத்தான்குடி என்று
என் மந்திரத்தைத் தலைகீழாக
முழு பஸ்ஸுக்கும் கேட்கக் கத்திக்கொண்டு வந்தான்.
"எங்க இறக்கம்?"
சொன்னேன்.
ரிக்கெற்றைக் கிழித்துத் தந்துவிட்டு
மிச்சக் காசு தராமலே போனான்.