வால்திவியாவில் மழை

புந்தா அரேனாஸில் காற்றுக்கு ஞாயிறும் கிடையாது.
கடைக் கதவைத் தோளால் தள்ளினால்தான் உள்ளே வரலாம்.
அப்படித்தான் வந்தாள் ஒதீலியா,
கோட்டுக்குள் பூனைக்குட்டி மாதிரி ஒரு டேப்லெட்.

"இதுக்கு நான் எங்கே இருக்கேன்னு தெரியலை, நிபால்தோ."

வாங்கிப் பார்த்தேன்.
வால்திவியா. கனமழை. பதினொரு டிகிரி.
மணிகூட ஒன்று குறைவு.
வெளியே சாய்ந்த வெயிலில்
ஒருவர் தன் தொப்பியைத் துரத்திக்கொண்டிருந்தார்.

ரொட்டி சுட்டு விற்கிறாள்.
வாங்குகிறவர்களுக்குக் காட்டுகிறதாம்:
உங்கள் ரொட்டி ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவில்.
எல்லோரும் ரத்து செய்தார்கள்.
பல் மருத்துவர் ஒருவர் மட்டும்
"பரவாயில்லை, காத்திருக்கிறேன்" என்று எழுதினாராம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன்.
கடை வைஃபையில் இணைத்தேன்.
இருப்பிடத்தை அணைத்துப் போட்டேன்,
விமானப் பயன்முறைக்குப் போய்த் திரும்பினேன்,
உறையைக் கழற்றினேன், அதன் காந்தம் திசைகாட்டியைக் கெடுக்கும்,
வாசலில் நின்று இரண்டு கையாலும் பிடித்து
காற்றில் எட்டுப் போட்டேன்.
எதிர்க்கடை இறைச்சிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

நீலப் புள்ளி
கண்டத்தின் பாதி நீளம் தாண்டி
என் தெருவில் வந்து உட்கார்ந்தது.
என் எட்டின் மகிமை என்று நினைத்தேன்.
இரண்டாயிரம் பெசோ வாங்கினேன்.

மறுநாள் காலை மறுபடி தோள், மறுபடி கதவு.
"வீட்டுக்குப் போனதும் அதுவும் அங்கே போயிடுச்சு."

அப்போதுதான் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன்.
முதலிலேயே படித்திருக்க வேண்டும்.
ஜிபிஎஸ் சில்லே இல்லாத மாடல்.
இதற்கு வானம் தெரியாது, செயற்கைக்கோள் தெரியாது.
பக்கத்தில் எந்த ரவுட்டர் முனகுகிறதோ
அதன் ஊரே தன் ஊர்.

கூடவே போனேன்.
ஊர் முடிந்து ஆட்டுப்பட்டி தொடங்கும் இடத்தில் வீடு.
அக்கம்பக்கம் என்று எதுவும் இல்லை.
மாவு டப்பாவின் மேல் பழைய ரவுட்டர் ஒன்று
பச்சையாய்க் கண்சிமிட்டியது.
வலையமைப்பின் பெயர்:
எவாரிஸ்தோ-ஒதீலியா.

"வால்திவியாவிலிருந்து கொண்டுவந்ததா?"

"மேஜையை அவன் எடுத்துக்கிட்டான். நாயையும்.
இது பில் என் பேர்ல இருந்துச்சு."

அடுப்பில் ரொட்டி உப்பிக்கொண்டிருந்தது.
நான் ரவுட்டரை அணைத்தேன், சோதிக்கத்தான்.
இருப்பிடம் கிடைக்கவில்லை, என்றது திரை.
அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.
அவள் படித்துக்கொண்டே இருந்தாள்.

சொன்னேன்:
புதிது வாங்கலாம். அல்லது பொறுத்திருக்கலாம்.
தெருவில் போகிற கைபேசிகள்
இந்தப் பெயரை இங்கே கேட்டதாக
எங்கோ இருக்கும் கணக்கில் எழுதும்.
நிறையப் பேர் எழுதினால் பழைய விலாசம் அழியும்.

"இந்தத் தெருவில யார் போறாங்க?"

அடுப்பின் தவணையே பாக்கி. பொறுப்பதாகச் சொன்னாள்.
இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.
சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றித் தந்தாள்.

என் வீடு எதிர்த்திசையில்.
இருந்தாலும் அன்றிலிருந்து
கடை சாத்தியதும் அந்தப் பக்கமாகத்தான் போகிறேன்,
பையில் கைபேசி, இருப்பிடம் திறந்தபடி,
போக ஒரு முறை, வர ஒரு முறை, மெதுவாக.
காற்று முகத்தில் அடிக்கும் நாளில்
இன்னும் மெதுவாக.
ஆடுகளுக்கு என்னைப் பழகிவிட்டது.

ஆகஸ்டில் ஓர் இரவு அவளிடமிருந்து செய்தி:
"மழை நின்னுடுச்சு! ஊர் சரி, மணியும் சரி.
ஆனா என் அடுப்பு கரையிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி
நீரிணையில மிதக்குது.
இப்படியே விட்டுடலாமா?"

வேண்டாம் என்று எழுதினேன்.
இன்னும் கொஞ்ச நாள் நடக்க வேண்டியிருக்கும் என்று
எழுதி, அழித்து,
மறுபடி எழுதினேன்.