அஞ்சு கையெழுத்து

கடன் அட்டையில் ஐம்பத்திரண்டு கட்டம்.
இருபத்தாறோடு பேனைக்கோடு நின்றுபோனது.

அதற்கப்புறம் குளவி.
ஏழாம் நம்பர் மலையில், பனி விலகாத காலையில்,
கவ்வாத்து வெட்டாத ஒரு செடிக்குள்ளிருந்து.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்.
முகம் வற்றி வீடு வந்தபோது
லயத்து வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

தகரத்துக்கு வாங்கிய கடன்.
ஆடிக் காற்று ஒன்பது தகரத்தைக் கழற்றி
கீழ் ஆற்றில் போட்டது.
தொரை "பாப்போம்" என்றார்.
மழை அதுவரை காத்திருக்கவில்லை.

ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டணும்
என்றுதான் அஞ்சு பேரை ஒரே தாளில் சேர்த்தது கம்பனி.
அன்றிலிருந்து நாங்கள்
ஒருத்திக்கு ஒருத்தி காவல்.
இன்பவள்ளி வீட்டில் கோழிக்கறி மணந்தால்
"கட்டுற காசு என்னாச்சு" என்று
வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டவள் நான்தான்.
அதை எழுதாமல் விடக் கூடாது.

ஒன்பது கிழமை கட்டவில்லை.
வியாழன்களில் காம்பராக் கதவைச் சாத்தி
விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.
"அம்மா நோர்வூட் போயிருக்காங்கனு சொல்லு."
மகள் சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.
அந்த நன்றாக
குளவியைவிடக் கடுத்தது.

பத்தாம் கிழமை இன்பவள்ளி வந்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
திட்டினாள்.
முடித்துவிட்டு, திருவலையை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து,
"ஞாயித்துக்கெழம கைக்காசுக்கு வா" என்றாள்.
"கை வீங்கியிருக்கு."
"சும்மா வந்து நில்லு. நிறுவைக்கு ஒன் நம்பர்தான் வேணும்."

நாலு படங்கிலிருந்தும் கொழுந்து
என் படங்குக்குள் விழுந்தது.
ரோஸ்மலர் ரெண்டு கிலோ.
மாரியாயி அளக்கவேயில்லை.
சகுந்தலா ஒரு கை போட்டாள்,
கொஞ்சம் நடந்தாள்,
திரும்பி வந்து இன்னொரு கை போட்டாள்
(அவளுக்கும் வட்டி ஓடுகிறது).
தராசுக்காரத் தம்பி என் விரல்களைப் பார்த்தான்,
முள்ளைப் பார்த்தான்,
வாய் திறக்காமல் எழுதினான்.
தண்ணிக்கென்று ரெண்டு கிலோ கழிப்பதை மட்டும்
அன்றைக்கும் மறக்கவில்லை.

ஹனிபா நானா கடன் கொப்பியை மூடிவைத்தார்:
"அரிசிக் காசு கெடக்கட்டும்,
மொதல்ல வியாழக்கெழமயப் பாருங்க."

அரைத் தவணைக்கு ரசீது கிடையாது என்றான்
வசூலுக்கு வரும் நிரோஷன்.
ரோஸ்மலர் அவன் பேனையைப் பிடுங்கி
ஒரு கட்டத்தைக் குறுக்கே கீறி இரண்டாக்கினாள்.
"இப்ப எழுது."
அவனுக்கும் மேலே ஒருவன் இருந்தான்,
போனுக்குள்ளிருந்து கத்துகிறவன்.
யோசித்தான். எழுதினான்.

இருபத்தாறு கட்டம் ஐம்பத்திரண்டு அரைக்கட்டமானது.
ஒரு தீபாவளி, ரெண்டு பொங்கல்.
இடையில், மாரியாயி மகளுக்குப் பிரசவம் என்று
ஒரு மாதம் யாரும் எதுவும் போடவில்லை.
கேட்க எனக்கு வாயில்லை.
அந்த மாதம் மழை வேறு,
பாதி நாள் அரைப்பேர்தான்.
கை இறங்கியதும் நானே பறித்தேன்,
இரவில் விரல் மடங்காது.

கடைசி வியாழன்.
மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும்
மகள் வாசலுக்கு ஓடி,
"அம்மா நோர்வூட் போயிருக்காங்க" என்றாள்.
காசோடு அவள் பின்னால் நின்றேன்.
நிரோஷன் சிரித்துவிட்டான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அவள் தலையில் கை வைத்தேன், அவ்வளவுதான்.

அட்டையில் கோடு போட்டவன் அதே மூச்சில்
"அக்கா, நீங்க இப்ப நல்ல கஸ்டமர்,
ஒரு லட்சம் வரைக்கும் எடுக்கலாம்" என்றான்.
தகரத்தை நிமிர்ந்து பார்த்தேன்.
ஒரு ஆணி கழன்றிருக்கிறது.
கழன்றது கழன்றதாக இருக்கட்டும்.

சகுந்தலாவுக்கு இன்னும் பதினேழு கட்டம் பாக்கி.
ஞாயிற்றுக்கிழமை அவள் நம்பர் எனக்கு மனப்பாடம்.

நேற்று பொழுது சாய
இன்பவள்ளி வீட்டிலிருந்து கோழிக்கறி மணந்தது.
எதுவும் கேட்கவில்லை.
கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன்.