ஹெய்மாய்த் தீவில் ஒன்பது நாள்

கப்பலில் வாந்தியெடுத்தவர்களில் நானும் ஒருவன்.
கொண்டுவந்த வெள்ளரி ஊறுகாய் மூன்று பாட்டிலில்
ஒன்று வழியிலேயே உடைந்து
சட்டையெல்லாம் சதகுப்பை வாசனை.

துறைமுகத்தில் யாகோதா நின்றாள்
ரப்பர் பூட்ஸோடு, ஷிஃப்ட் முடிந்த முகத்தோடு.
"கிட்ட வராதேப்பா, மீன் நாறுவேன்."
உடம்பெல்லாம் கரியோடு
முப்பத்தொரு வருஷம் வீடு திரும்பியவன் நான்.
என்னிடம் போய்.

அவள் பகலெல்லாம் காட் மீன் அறுக்கிறாள்.
நான் அவள் அறைக் குழாயைச் சரிசெய்கிறேன்.
ஒழுகாத குழாய்தான்.

ஐந்தாம் நாள் எரிமலைக்குக் கூட்டிப்போனாள்.
என்னைவிட வயதில் சின்ன மலை.
அது வெடித்துப் பிறந்தபோது
எனக்கு மீசை முளைத்துவிட்டது.
உச்சியில் ஒரு பிளவைக் காட்டி
"கை வை" என்றாள்.
வைத்தேன்.

சுட்டது.

சிலேசியாவில் எங்கள் சுரங்கத்தில்
பாறை இப்படிச் சுட்டால் யாரும் பேசமாட்டோம்.
விளக்கை ஆட்டுவோம். ஓடுவோம்.
எண்பத்தேழில் கொன்ஸ்டான்டி
சட்டையை எடுக்கத் திரும்பினான்.

"இறங்கு!" என்று கத்திவிட்டேன்.
ரொட்டி தின்றுகொண்டிருந்த ஓர் ஆள்
வாயை மூட மறந்து பார்த்தார்.
யாகோதா அவரிடம் அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னாள்,
நீளமாக, தடங்காமல்.
அவளுக்கு இவ்வளவு தெரியும் என்று
எனக்குத் தெரியாது.
பிறகு என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.
முள் கிழித்த கோடுகள், நகத்தடியில் செதில்.
ஐம்பது வருஷமாக இப்படித்தான் சுடுகிறதாம்.

எட்டாம் இரவு பஃபின் குஞ்சு தேடினோம்.
தெருவிளக்கை நிலா என்று நம்பி
ஊருக்குள் வந்து விழுகின்றன.
பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் டார்ச்சோடு அலைய
எங்களுக்கு ஒன்றே ஒன்று, ஸ்டெய்னுன் அம்மாளின் வேன் அடியில்.
அட்டைப்பெட்டி இருந்தது. விரிக்கக் காகிதம் இல்லை.
ஊறுகாய் பாட்டில் சுற்றிய செய்தித்தாளை எடுத்தேன்.
அதில் கடோவிட்சே பேக்கரி ஒன்றில் வேலைக்கு ஆள் தேவை,
சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டது,
எட்டு நாளும் எடுக்காமல் வைத்திருந்தது.

விடிந்ததும் பாறை விளிம்பில்
"நீயே வீசுப்பா" என்றாள்.
உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது.
"மெதுவாக விடாதே, பாறையில் மோதும். உயரமாக வீசு."
வீசினேன்.
முதலில் கல்லாக விழுந்தது.
அப்புறம்தான் இறக்கை.

அவள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள்.
எச்சம் காய்ந்த காகிதத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்தாற்போல் இருந்தது.
படித்தாளா, தெரியவில்லை.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
"கப்பலுக்கு நேரமாச்சு" என்றாள்.